அக்கா போட்ட பிரேக்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் அக்காவிடம் கார் ஓட்டப் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பதில் சொல்வதற்கு முன்னால் நெற்றியைத் தடவிக்கொள்வார்கள். அப்படி ஒரு பிரேக் போடுவார். ஓட்டப் பழக்கும் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். நாம் எதன்மேலாவது மோதப் போனால் அவர் மிதிப்பதற்காக வைத்தது அது. அக்கா அதை அதற்கும் மிதிப்பார், பாட்டுக்கும் மிதிப்பார்.

ஆமாம், பாட்டுக்குத்தான். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் ஸ்டீயரிங்கை உடும்பு பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு விரைத்துப் போய் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு அக்கா கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம் பாட்டு. "பாடு பிள்ள. வாய் ஓடுனா கை தானா இளகும்" என்பார். சினிமாப் பாட்டை எடுத்தால் முகத்தைச் சுளிப்பார். "அத எழுதுனவன் நல்லாத்தான் இருப்பான். உங்கிட்ட என்ன இருக்கு, அதப் பாடு."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டால் போதாதா? உறுமிக் குழுவுக்கு எழுதுகிறவன், கோயில் திருவிழாவுக்கு எழுதுகிறவள், சர்ச்சில் பாட எழுதுகிறவன், காதலியின் பிறந்தநாளுக்கு எழுதிப் போனில் அனுப்புகிறவன் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் இருக்கிறது. லைசன்ஸ் எடுக்க வந்தவர்கள் காருக்குள் தங்கள் பாட்டைப் பாடினார்கள். லைசன்ஸ் எடுத்து வருடக்கணக்கானவர்களும் புதுப் பாட்டு எழுதினால், "அக்கா, ஒரு ரவுண்டு போலாமா?" என்று வந்து நின்றார்கள். யாரும் அவரைப் பெரிய விமர்சகர் என்று நினைக்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார் என்பதுதான் காரணம். எங்கள் ஊரில் அப்படி ஒரு ஆள் கிடைப்பது லேசு இல்லை. யார் என்ன பாடினாலும் கைதட்டி, தோளில் தட்டி, சாப்பிட உட்கார்ந்துவிடுகிற சனம் நாங்கள்.

என்னுடைய முறை வந்தபோது ஈஜோக் போகிற ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள், பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. அம்மாவைப் பற்றி நான் எழுதியிருந்த பாட்டை எடுத்துவிட்டேன். காவிரிக் கரையில் குடம் சுமந்த தாயே என்று ஒரு வரி. எனக்கே உருக்கமாக இருந்தது. கண்ணைக்கூட லேசாக மூடினேன் என்று நினைக்கிறேன்.

பிரேக்! என் நெற்றி ஸ்டீயரிங்கில் போய் இடித்தது. பின்னால் லோரிக்காரர் ஹார்னை அடித்து மலாயில் என் பரம்பரையையே விசாரித்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காவிரி எங்க இருக்கு?"

"தமிழ்நாட்டுலக்கா."

"நீ போயிருக்கியா?"

"இல்லக்கா."

"உங்கம்மா?"

"அம்மா கோலாலம்பூருக்கே ரெண்டு வாட்டிதான் போயிருக்காங்க."

"பின்ன யாரு பாத்தது காவிரிய? உங்கம்மா என்ன வேல செய்யறாங்க?"

"பாசிர் பெனம்பாங்ல எறா உரிக்கறாங்க."

"கை எப்படி இருக்கும்?"

"வெடிச்சிருக்கும்க்கா. எந்நேரமும் ஐஸ் தண்ணியில கெடக்கும்ல."

"அந்தக் கைய வீட்டுல வச்சுக்கிட்டு நீ ஏன் பிள்ள காவிரிக்குப் போன?" என்றார் அக்கா. பிறகு ஒன்றுமே நடக்காதது போல, "சிக்னல் போட்டு எடு. லோரி நிக்குதுலா" என்றார்.

வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். கிழவி, பொறாமை பிடித்த கிழவி என்று திட்டித் தீர்த்தேன். அப்போது அக்காவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனால் அன்று மாலை அம்மா வந்து சாப்பாடு போட்டபோது நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பாட்டை மாற்றி எழுதினேன்.

"எப்படிக்கா கண்டுபிடிக்கறீங்க?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"நா எங்க கண்டுபிடிக்கறேன்? உன் காலு சொல்லுது. மனசுல இல்லாதத பாடுறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து கால் மேல வருது. வண்டி தொய்யுது. அந்த எடத்துல நா மிதிக்கறேன், அவ்வளவுதான்."

இது நிஜமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் என் காலையே கவனித்துப் பார்த்திருக்கிறேன். வரத்தான் செய்கிறது.

நன்றாக இருந்தால்? நன்றாக இருந்தால் அவர் பிரேக் போட மாட்டார். பாட்டு முடிந்ததும், "அடுத்த சிம்பாங்ல வலது" என்பார். எங்கள் ஊரில் சந்தியை சிம்பாங் என்றுதான் சொல்வோம். அந்த ஒற்றை வார்த்தைக்காக எத்தனை பேர் ஏங்கிக் கிடந்தோம் தெரியுமா? "எனக்கு சிம்பாங் சொல்லிட்டாங்க" என்று ஒருவன் ஊரைக் கூட்டி மீ கோரெங் வாங்கிக் கொடுத்தான். நல்லாருக்கு என்ற வார்த்தை மட்டும் அக்காவின் வாயில் வரவே வராது. அதைக் கேட்டாலே அவருக்கு எரியும். "நல்லாருக்குன்னு சொல்றது, வீட்டுக்கு வந்த ஆள வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பற மாதிரி. உள்ள கூப்புட்டு உக்கார வச்சாத்தான என்னா ஏதுன்னு கேக்க முடியும்?" என்பார்.

ஊருக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் ஒரே ஒரு பாட்டு எழுதினார். அவர் வீட்டுக்காரரைப் பற்றி. அந்த மனிதர் செம்பனை லோரி ஓட்டுகிறவர், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டே பிறந்தவர். ஒருநாள் அக்கா என்னை இடது பக்கம் உட்காரச் சொல்லி, தானே ஓட்டினார். "தப்புன்னு பட்டா மிதிக்கணும். எனக்குப் பயந்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்" என்றார். பாட ஆரம்பித்தார். உன்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை ராசா என்று ஒரு வரி வந்ததும் நான் இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். கார் ரோட்டோரப் புல்லில் ஏறி நின்றது.

அக்கா என்னை முறைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஆமா பிள்ள. காலையில பசியாறும்போதுகூடக் கத்திட்டுத்தான் வந்தேன்." அந்தப் பாட்டை அதற்குப் பிறகு அவர் பாடவே இல்லை. மனதுக்குள் வலித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மறுவாரமே என்னை மறுபடியும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பின் சீட்டில் நானும் ஒரு ஆளாகப் போக ஆரம்பித்தேன்.

தீபன் வந்தது அப்படி ஒரு சனிக்கிழமையில்தான். உறுமி அடிக்கிற பையன், நல்ல குரல், அக்கா பிறந்து வளர்ந்த அதே தோட்டத்து ஆள். அவன் அப்பா இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இறந்தவர் பேரில் ஒரு பாட்டுக் கட்டி, உறுமியோடு பாடிப் பதிவு செய்து, பழைய படங்களைச் சேர்த்துக் கருமாதியன்று போட்டுக் காட்டுவது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பாட்டைத்தான் அவன் எடுத்து வந்திருந்தான். ஓட்டிக்கொண்டே பாடினான். தூரத்துப் பத்தாங் காலியில் இருந்துகூட ஆட்களைக் கூட்டி வந்து கேட்கச் சொல்லலாம், அப்படி ஒரு குரல். பின் சீட்டில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தெய்வமே என் அப்பா, தீங்கறியாக் கை அப்பா என்று பல்லவி.

கை என்ற இடத்தில் அக்கா மிதித்தார்.

"அந்தக் கைய எனக்குத் தெரியும்டா தம்பி" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எங்க வீட்டுக்கு அடுத்த வீடுதான் உங்க வீடு. வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துச் செவுரு என்னா செவுரு? எல்லாம் கேக்கும். உங்கம்மா எத்தன வாட்டி எங்க அடுப்படியில வந்து ஒளிஞ்சு உக்காந்திருக்கா. காது கிழிஞ்சு ரத்தம் ஒழுகிக்கிட்டு வந்திருக்கா."

தீபன் முகம் கறுத்தது. "செத்துப்போன மனுசன பத்தி இப்படியாக்கா பேசுவீங்க?"

"செத்தவருக்கா பாடற? அவருக்குக் கேக்காது. இருக்கறவங்களுக்குத்தான் பாடற. கருமாதி அன்னிக்கு உங்கம்மா எங்க உக்காந்து இதக் கேப்பா? அத மட்டும் எனக்குச் சொல்லு."

அவன் கதவைத் திறந்து இறங்கினான். இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. செம்பனை ஓரமாக விறுவிறுவென்று நடந்தே போய்விட்டான்.

"கொஞ்சம் அதிகமா போயிட்டீங்கக்கா" என்றேன்.

"போயிட்டனா?"

"ஆமாக்கா."

"எந்த எடத்துல? சரியாச் சொல்லு, திருத்திக்கறேன்."

அவர் பேசியதை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தையும் சரியாகத்தான் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு பையன் தாங்குகிற அளவில் இல்லை, அவ்வளவுதான். அக்காவே பேசினார். "அப்பன்மேல அவனுக்குப் பாசம் இருக்கு. அதுவும் நெஜந்தான். புடிச்சுது, பயமாவும் இருந்துச்சுன்னு எழுதியிருந்தா நா ஏன் மிதிக்கப் போறேன்?" அதை அவனிடம் சொல்ல அக்கா இரண்டு மூன்று முறை போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. கருமாதியில் அந்தப் பாட்டு பாடப்படவில்லை என்று கேள்விப்பட்டோம்.

பிறகு அவன் பெரிய ஆளாகிவிட்டான். கல்யாணம், திருவிழா, மேடை என்று எங்கே பார்த்தாலும் தீபன் பாட்டுதான். அக்கா அவனுடைய ஒவ்வொரு பாட்டையும் போனில் கேட்பார். "இவன் மட்டும் ஒரு தடவ ரவுண்டு வந்தான்னா" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிடுவார்.

அக்காவுக்கு வாதம் வந்தது காரில்தான். ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தவர் அப்படியே கதவுப் பக்கம் சாய்ந்துவிட்டார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் தானே பிரேக் போட்டு நிறுத்தி ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நல்ல பிள்ளை. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. எத்தனையோ நாள் கழித்து ஒரு காலையில் அக்கா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். நாங்கள் எல்லாரும் துள்ளிக் குதித்தோம். என்ன வார்த்தை என்று பிறகுதான் காதில் விழுந்தது.

"நல்லாருக்கு."

அது மட்டும்தான். தண்ணீர் வேண்டுமா என்றால் நல்லாருக்கு. வலிக்கிறதா என்றால் நல்லாருக்கு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பொறுமையாக விளக்கினாள். சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மாட்டிக்கொள்ளுமாம். எந்த வார்த்தை மாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். நாம் பேசுவதெல்லாம் அக்காவுக்குப் புரியும், சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கும், வெளியே வரும்போது அந்த வார்த்தையாகத்தான் வருமாம். தலையாட்டச் சொன்னால் ஆமாவும் இல்லையும் மாறிப் போகிறது. எழுத்து அட்டையை வைத்தும் பார்த்தோம். இடது கை அட்டைமேல் அலைந்துவிட்டு எங்கேயோ போய் நிற்கும். அட்டையைத் தட்டிவிட்டு, "நல்லாருக்கு! நல்லாருக்கு!" என்று அக்கா கத்துவார். அது என்ன கத்தல் என்று எனக்கல்லவா தெரியும்.

"இத்தன வருசத்துல என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ சொன்னதில்ல" என்றார் வீட்டுக்காரர். "இப்ப நாள் பூரா சொல்றா." சிரிக்க முயன்று முடியாமல் பின்கட்டுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதில் கொடுமை எது தெரியுமா? ஊர் திரண்டு வந்தது. நோயாளியைப் பார்க்கத்தான் வந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. பழம், ஹார்லிக்ஸ் என்று எதையாவது வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் போகிற நேரத்தில், "அக்கா, ஒண்ணு எழுதியிருக்கேன்" என்று மெல்ல ஆரம்பிப்பார்கள். பாடி முடித்ததும் அக்கா சொல்வார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள்.

"எல்லாத்துக்கும் அதத்தான் சொல்றாங்க" என்பேன் நான்.

"தெரியும்லா. ஆனா என்னுதுக்குச் சொன்னது நெஜமா சொன்னாங்க. கண்ணப் பாத்தேன்."

ஒருவர் விடாமல் இதையே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பதா, துடைப்பத்தை எடுப்பதா என்றே தெரியவில்லை.

தீபனும் வந்தான். வாசலிலேயே அழுதுவிட்டான். அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நடந்து போனேன்ல, அதுல இருந்து மனசு ஆறவே இல்லக்கா. யாரு யாரோ கைதட்டுறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லணும்" என்றான். அந்தப் பழைய பாட்டையே பாடினான். ஒரு எழுத்தை மாற்றவில்லை. அக்காவின் கண் என் பக்கம் வந்தது, அவன் பக்கம் போனது, மறுபடி என் பக்கம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"நல்லாருக்கு."

அவன் மண்டி போட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் போன் பக்கத்தில் பதிவு செய்துகொண்டிருந்தது. நான் அவனை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், "தம்பி, அத எடுத்துக்காத. அக்காவுக்கு வேற வார்த்த வரல" என்று சொன்னேன். சண்டையே போட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "உங்களுக்குப் புரியாதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவன் உண்மையாகவே நம்பினான்.

பாட்டு வெளிவந்தது. முதலில் அக்காவின் குரல், நல்லாருக்கு என்று. பிறகு உறுமி. எல்லார் போனிலும் அதுதான். அப்பாக்கள் தினத்துக்கு அது, கருமாதி வீட்டுக்கு அது. "பிரேக் அக்காவே நல்லாருக்குன்னு சொன்ன பாட்டு" என்று போட்டுப் பரப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீபன் ஸ்பீக்கர், பொன்னாடை எல்லாம் எடுத்துக்கொண்டு, அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அக்காவுக்கு மரியாதை செய்ய வேண்டுமாம். அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் பொன்னாடையைப் போர்த்தினான். அவன் அம்மா சுவரோரமாக ஒரு நாற்காலியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்துக் காது மடல் கிழிந்து ஆறியிருந்தது. தோடு ஒரு காதில்தான்.

பாட்டைப் போட்டான். வீடே அதிர்ந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். தீங்கறியாக் கை என்ற இடம் வந்தது. அக்காவின் இடது கால், நாற்காலியில் கால் வைக்கிற தட்டை ஓங்கி மிதித்தது.

பல்லவி திரும்ப வந்தது. திரும்ப மிதித்தார். பிறகு விடவே இல்லை. மிதித்துக்கொண்டே இருந்தார். நாற்காலி குலுங்கியது, பொன்னாடை சரிந்து விழுந்தது.

"பாருங்க! தாளம் போடறாங்க!" என்று கூவினான் தீபன். அவசர அவசரமாகப் போனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

"தாளம் இல்ல தம்பி, அது பிரேக்கு!" என்று கத்தினேன்.

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. ஒரு நொடி அவனுக்கும் தெரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தது. பிறகு, "சும்மா இருங்கக்கா நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை அக்காவின் பக்கமே திருப்பிப் பிடித்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் கால் நிற்கவில்லை.

தீபனின் அம்மா எழுந்து வந்தார். அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.

"போதும் பிள்ள. காலு வலிக்கும்" என்றார். பிறகு அக்காவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. "இதப் பாடுனா நான் எங்க உக்காந்து கேப்பேன்னு அவங்கிட்டக் கேட்டியாமே. அன்னிக்கு வந்து கோவமா எங்கிட்டச் சொன்னான். இந்தா, இங்கதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அக்கா அவரைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. உதடு திறந்து மூடியது, மறுபடி திறந்தது. கண் இரண்டும் நிறைந்து வழிந்தன. வேண்டாம் அக்கா, பேசாதீர்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கு" என்றார் அக்கா.